மொட்டைமாடி கிரில்

கேள்வி: மொட்டைமாடியில் வைக்கச் சின்னதாக ஒரு எலெக்ட்ரிக் கிரில் வாங்கியிருக்கிறேன். எப்படி ஆரம்பிப்பது?
- ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: முதலில் கோழி வேண்டாம். வெறும் கிரில்லைப் பத்துப் பதினைந்து நிமிடம் சூடாக்குங்கள். புதுசின் எண்ணெய்ப் பிசுக்கு புகைந்து அடங்கட்டும். பக்கத்து வீட்டுக்காரரும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகட்டும். 2,000 வாட் கிரில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். செல்போன் சார்ஜ் போடும் 6 ஆம்பியர் பிளக் தாங்காது. எர்த்தோடு கூடிய 16 ஆம்பியர் பவர் பிளக்தான் சரி. மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் போட்டால், கோழிக்கு முன்னால் வயர் வெந்துவிடும். கிரில் கம்பி நன்றாகக் காய்ந்த பிறகே கோழித் துண்டுகளை வையுங்கள். ஒட்டிக்கொண்டால் பிடுங்காதீர்கள், அடிப்பக்கம் சிவந்ததும் அதுவே விட்டுக்கொடுக்கும். தூறல் விழுந்தால் முதலில் சுவிட்சை அணையுங்கள். கொடியில் காயும் துணியெல்லாம் அப்புறம்!