அடுத்த சீட்டு அண்ணாச்சி

ரம்மியில் எதிரில் இருப்பவர் டிக் அடித்து, சீட்டை விரித்துக் காட்டி, எல்லாம் சரி என்று நாலு பேரும் தலையாட்டியாகிவிட்டது. இனி பாயிண்டை எண்ணி நோட்டில் எழுத வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து ஒரு கை வந்து நடுவில் கிடக்கும் மூடிய கட்டின் மேல் விழும்.

"ஒரு நிமிசம் பொறுங்கவே. அடுத்த சீட்டு என்னன்னு பாத்துருவோம்."

மனமகிழ் மன்றம் என்று பலகை மாட்டிய எந்த மாடியிலும் இவர் உண்டு. சங்கரன்கோவிலில் மட்டும் நாலைந்து பேர் தேறுவார்கள். பொதுவாகத்தான் சொல்கிறேன், யாரும் தன்னை நினைத்துக்கொள்ள வேண்டாம். நூல் வியாபாரம், தங்க பிரேம் கண்ணாடி, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கூடுதல் என்று அடையாளம் சொன்னால்தானே வம்பு.

அடுத்த சீட்டு என்றால் ஒரு சீட்டோடு நிற்கும் என்று நினைக்கக் கூடாது. கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொள்வார். அடியில் குறுக்காக நீட்டிக்கொண்டிருக்கும் ஜோக்கரை இடது கையால் அமுக்கிக்கொள்வார். முதல் சீட்டு, ஆட்டின் ராணி. உதவாது. இரண்டாவது, டைமன் மூணு. அதுவும் உதவாது. இஸ்பேடு ஏழும் எட்டும் வைத்துக்கொண்டு ஆறுக்கோ ஒன்பதுக்கோ காத்திருந்தவர் அவர். நாலாவதாக இஸ்பேடு ஒன்பது வந்துவிட்டால் முகத்தில் வரும் வெளிச்சம், ஜெயித்தவன் முகத்தில்கூடக் கிடையாது. "பாத்தீரா! கெடக்கு பாரும்! நான் சொல்லலே?" அவர் எதையும் சொல்லவில்லை. ஆனாலும் நாங்கள் பார்ப்போம்.

நாலாவது சீட்டு அவர் கைக்கு எப்படி வந்திருக்கும் என்று கேட்டால் போச்சு. "ஒமக்கு அடுத்து நம்ம மந்திரம். மந்திரம் கீழ கெடந்ததத்தான் எடுப்பான். தறிக்காரத் தம்பி மேல ஒண்ணு எடுப்பான். சாரு ஒண்ணு எடுப்பாரு. அப்பொறம்..." என்று விரல் விட்டு எண்ணி, எங்கள் எல்லாருக்கும் அடுத்த சுற்றுக்கான புத்தியையும் அவரே வழங்கி, ஒன்பதைத் தன் கையில் கொண்டுவந்து சேர்த்துவிடுவார். அந்தக் கணக்கில் யாரும் டிக் அடிக்க மாட்டார்கள். ஏற்கெனவே அடித்தவர்கூட அடித்திருக்க மாட்டார்.

கோமதி அம்மன் ஒற்றைக் காலில் தபசிருந்து சங்கரரையும் நாராயணரையும் ஒரே உருவில் பார்த்த ஊர் இது. அந்த மண்ணின் வாசியோ என்னவோ, இவருக்கு ஆடிய ஆட்டமும் ஆடாத ஆட்டமும் ஒன்றாகவே தெரிகின்றன.

வேண்டிய சீட்டு மேலே இல்லாவிட்டால் தோண்டிக்கொண்டே போவார். கட்டின் அடியில் கிடந்தால் கலைத்தவன் சரியில்லை. கட்டிலேயே இல்லை என்றால்தான் விசாரணை கடுமையாகும். இரண்டு கட்டில் இஸ்பேடு ஒன்பது இரண்டு. ஒன்று ஏற்கெனவே கீழே போனது, மற்றது யாரிடம்? ஒவ்வொருவர் கையாகக் கவிழ்த்துப் பார்ப்பார். போன வாரம் என் கையில் இருந்தது. "இதை எதுக்குவே கெட்டிப் புடிச்சிட்டு இருந்தீரு? ஒம்ம கையில இதுக்கு என்ன சோலி?" எனக்கு ஒரு சோலியும் இல்லைதான். இவர் கேட்பார் என்று தெரிந்துதான் வைத்திருந்தேன். அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

ஆரம்பத்திலேயே ஸ்கூட் விட்டு ஒதுங்கிய ஆட்டத்திலாவது சும்மா இருப்பாரா என்றால், இருபது பாயிண்டைக் கொடுத்துவிட்டு அடுத்தவன் தோளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, தனக்கு வந்திருக்க வேண்டிய சீட்டு ஒவ்வொன்றும் யார் யாருக்குப் போகிறது என்று உச்சுக்கொட்டிக்கொண்டிருப்பார். இதனால் ஒரு கை முடிந்து அடுத்த கை போட ஐந்து நிமிடம். எட்டு மணிக்கு எழுந்திருக்க நினைத்தவன் ஒன்பதரைக்கு வீட்டுக்குப் போய்ப் பேச்சு வாங்குவதற்கு இதுதான் காரணம். வீட்டில் சொன்னால் நம்புவதில்லை.

ஆட்டம் பெரிய ஆட்டம் என்று யாரும் பயப்பட வேண்டாம். பாயிண்டுக்கு ஐம்பது காசு. டீக்கடையில் ஐம்பது காசை நீட்டினால் முறைக்கிற காலத்திலும் எங்கள் நோட்டில் அதற்கு மதிப்பு உண்டு. ஃபுல், அதாவது எண்பது பாயிண்டும், கொடுத்தாலும் நாற்பது ரூபாய்தான். அந்த நாற்பது ரூபாய்க்கு அவர் உச்ச நீதிமன்றம் வரை போவார். செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில் 1967-ல் வந்த தீர்ப்பு சீட்டாடுகிற எல்லாருக்கும் வேதம். மூணு சீட்டு போல ரம்மி வெறும் அதிர்ஷ்டம் அல்ல, விழுகிற சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது எதைக் கழிப்பது என்பதில் திறமை வேண்டும் என்றது நீதிமன்றம். அண்ணாச்சி இதை அடிக்கடி எடுத்துச் சொல்வார். சொல்லிவிட்டு, சற்று முன் தான் கழித்த சீட்டு எது என்று என்னிடம் கேட்பார். விழுந்த சீட்டில் ஒன்றுகூட அவருக்கு நினைவிருக்காது. விழாத சீட்டு மட்டும் போன தைப்பொங்கலில் இருந்து வரிசையாகச் சொல்வார்.

ஒருமுறை நூல் கம்பெனிக்காரர்கள் வியாபாரிகளைக் கோவாவுக்குக் கூட்டிப்போனார்கள். நம் மாநிலத்தில் கேசினோ கிடையாது; அங்கே மண்டோவி ஆற்றில் கப்பல் கப்பலாக நிற்கிறது. நம்மவர் அதில் ஒன்றில் ஏறி, போக்கர் மேசையில் போய் உட்கார்ந்துவிட்டார். ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் பொதுவாக ஐந்து. அந்த ஐந்தையும் மூன்று தவணையாகத் திறப்பார்கள். ஒவ்வொரு தவணைக்கும் முன்னால், மேலே இருக்கும் சீட்டை யாருக்கும் காட்டாமல் கவிழ்த்து ஓரமாகத் தள்ளிவிடுவது அந்த ஆட்டத்தின் வழக்கம். மேல்சீட்டை யாராவது முன்கூட்டியே கண்டுவைத்திருந்தால் அது பலிக்காமல் போகட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு. அண்ணாச்சிக்கு அது பச்சைக் கொலையாகப் பட்டது.

"ஒரு ஆட்டத்துக்கு மூணு சீட்டுவே! கண்ணுலயே காட்டாமக் கொன்னுட்டாளுவ!"

பாதி ஆட்டத்தில் எல்லாரும் சீட்டைக் கீழே போட்டதும், நடுவில் அடுத்து என்ன வந்திருக்கும் என்று திறந்து காட்டச் சொல்லிச் சைகையில் கேட்டிருக்கிறார். சீட்டுப் போடுகிற பெண் சிரித்துக்கொண்டே மொத்தத்தையும் வாரி எடுத்துக் கலைத்துவிட்டாள். அங்கே எவ்வளவு விட்டார் என்பதை இன்றுவரை வாய் திறந்து சொன்னதில்லை. அந்தக் கவிழ்ந்த சீட்டுகளுக்கு மட்டும் இன்றும் துக்கம் காக்கிறார்.

இந்தப் புத்தியே அவரை ஒரு பெரிய ஆபத்திலிருந்து காப்பாற்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போனில் ரம்மி ஆடிப் பலர் வீட்டையும் வண்டியையும் தோற்ற காலம் ஒன்று இருந்தது. சட்டசபையில் 2022-ல் தடைச் சட்டம் போட்டார்கள், ஆளுநர் திருப்பி அனுப்பினார், மறுபடி போட்டார்கள், 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அதிலிருந்து விடுவித்தது. கடைசியில் 2025 ஆகஸ்டில் டெல்லியிலிருந்தே காசு கட்டி ஆடும் இணைய ஆட்டங்களுக்கு மொத்தமாகத் தடை வந்தது. அண்ணாச்சி இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. மகன் போனில் இறக்கிக் கொடுத்ததை ஒரே ராத்திரியில் விட்டுவிட்டார். "ஆட்டம் முடிஞ்சதும் கட்டையே காணும்! எங்க வச்சிருக்கான்னே தெரியலே. அது ஒரு ஆட்டமா?" எத்தனை லட்சம் தப்பியதோ.

அவரிடம் ஈரமும் உண்டு. தறி ஓட்டுகிற தம்பி ஒருவன் தொடர்ந்து நாலு கை ஃபுல் கொடுத்து முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்தான். அண்ணாச்சி தனக்கு வேண்டியதை விட்டுவிட்டு, அவனுக்காகக் கட்டைப் புரட்டினார். "ஏ, இங்க பாருடே! ஒனக்கு வேண்டிய ஜாக்கி ரெண்டாவதா கெடக்கு. நீ தோக்கலடே, அவன் முந்திக்கிட்டான், அம்புட்டுதான்." பையன் சிரித்துவிட்டான். எனக்கே கொஞ்சம் மனசு இளகிவிட்டது.

இளகியிருந்த மனசோடு அவர் செய்வதைக் கூர்ந்து பார்த்ததில்தான் ஒன்று கண்ணில் பட்டது. கட்டைத் தோண்டுகிற ஆவேசத்தில் தன் கையிலிருந்த பதின்மூன்று சீட்டையும் அதோடு சேர்த்துக் கலந்துவிடுகிறார். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு இஸ்பேடு ஒன்பதைத் தேடிக்கொண்டிருக்கும்போது, நோட்டு எழுதுகிறவரிடம் போகிற போக்கில், "நமக்கு முப்பத்தாறு போட்டுக்கோங்க" என்பார். ஒரிஜினல், அதாவது ஜோக்கர் கலக்காத வரிசை, சேராதவர் முழுக் கையையும் எண்ணி, எண்பது வரை கொடுக்க வேண்டும். அவருக்கு ஒரிஜினல் சேர்ந்ததா? கேட்பதற்குக் கையே இல்லை, கட்டோடு கலந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால், அவர் ஃபுல் கொடுத்ததாக நோட்டில் வெகுநாளாக ஒரு வரிகூட இல்லை.

முதலில் கையைக் காட்டி எண்ண வேண்டும், அப்புறம் கட்டைத் தொடலாம் என்று விதி எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னோம். செயலாளர் ஒத்துக்கொள்ளவில்லை. பெரிய மனுசன் மனசு நோகும் என்கிறார். அவருக்கு அண்ணாச்சி சம்பந்தி.