ஜெர்மனியின் முன்யோசனை வாழ்க!

புவி சூடாவதைத் தடுக்க எந்த மின்நிலையத்தை முதலில் மூடுவது? நம்மைப் போன்ற பாமரர்கள், புகை கக்குவதை மூடு என்போம். ஜெர்மனி அப்படி அவசரப்படவில்லை. புகையே விடாத அணுமின் நிலையங்களைத்தான் முதலில் மூடியது. அதற்கெல்லாம் தனி ஞானம் வேண்டும்.

குவாண்டம் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர் அன்றைய சான்சலர் அங்கெலா மெர்க்கெல். 2010இல் அவருடைய அரசுதான் அணு உலைகளின் ஆயுளை நீட்டித்தது. 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தை ஆழிப்பேரலை தாக்கியது. சில நாட்களிலேயே பழைய உலைகளை நிறுத்தச் சொல்லிவிட்டார்; மற்றவற்றுக்கும் கெடு வைத்தார். கடற்கரையே இல்லாத பவேரியாவின் உலைகளும் தப்பவில்லை. அலை எப்போது எங்கே வரும் என்று யார் கண்டது!

இந்த ஞானம் முழுதாக வெளிப்பட்டது 2020 மே மாதத்தில். 14ஆம் தேதி, ஃபிலிப்ஸ்பர்க் அணுமின் நிலையத்தின் இரண்டு குளிர்விப்புக் கோபுரங்களையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 30ஆம் தேதி, டாட்டெல்னில் புத்தம்புதிய நிலக்கரி மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. திறன் சுமார் 1,100 மெகாவாட். அதன் கொதிகலன் நன்றாகச் சூடேறுவதற்குள், ஜூலையில், நிலக்கரியைக் கைவிடும் சட்டமும் நிறைவேறிற்று. தொடங்கி வைத்தால்தானே கைவிட முடியும்?

2022இல் ரஷ்ய எரிவாயு நின்றபோது, ஒதுக்கி வைத்திருந்த நிலக்கரி நிலையங்களைத் தட்டி எழுப்பியவர் பசுமைக் கட்சி அமைச்சர் ராபர்ட் ஹாபெக். பசுமைக்கு இதைவிடப் பெரிய தொண்டை யார் செய்ய முடியும்? 2023 ஜனவரியில் லுட்செராத் சிற்றூரிலிருந்து போராட்டக்காரர்களைக் காவல்துறை அப்புறப்படுத்தியது. ஊருக்கடியில் பழுப்பு நிலக்கரி இருந்தது. அதைத் தோண்டும் சுரங்கத்துக்கு வழிவிட்டுக் காற்றாலைகளும் கழற்றப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று கடைசி மூன்று அணு உலைகளும் அணைந்தன.

காற்றும் சூரியனும் பெருகி நிலக்கரி குறைந்திருக்கிறதே என்பார்கள். குறைந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புதிய மின்சாரத்தில் ஒரு பங்கு, அணு விட்டுப்போன பள்ளத்தை நிரப்பச் செலவானது. நிலக்கரியின் மனம் நோகாமல் பார்த்துக்கொண்ட அந்தப் பெருந்தன்மை லேசில் வராது.

2023இலிருந்து ஜெர்மனி மின்சாரத்தை விற்பதைவிட வாங்குவதே அதிகம். பிரான்சின் அணுமின்சாரமும் அதில் வருகிறது. எல்லை தாண்டியதும் தீட்டுக் கழிந்துவிடும் போலும்.

அணுவின் கணக்கை முடித்தாயிற்று. நிலக்கரிக்கு அந்த 2020 சட்டம் கொடுத்திருக்கும் கெடு 2038.