சும்மா நிற்கத் தெரியாத பிக்அப்

சும்மா இருப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமி அதைத்தான் செய்தார்; ஊர் அவரை விசரன் என்றது. என் பெற்றோல் பிக்அப்புக்கு அந்தப் பக்குவம் அரை நிமிடத்துக்கும் வாய்க்கவில்லை. ஓடும்போது குதிரை. காலை எடுத்தால் ஒரு விக்கல், ஒரு நடுக்கம், பிறகு மௌனம்.

கொக்குவில் றெயில் கடவையில்தான் மானம் போகும். கடவை மூடினால் இஞ்சினும் மூடும். கடவை திறந்தால் பின்னால் நிற்கும் ஓட்டோக்களின் வாய் திறக்கும். 24 வருடத்துக்குப் பிறகு, 2014 ஒக்ரோபரில், யாழ்தேவி றெயில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தபோது வாயைப் பிளந்து பார்த்தவன் நான். இப்போது அதன் கூவல் கேட்டாலே வயிற்றைக் கலக்குகிறது.

வருத்தம் பழையதாம். 2022 பெற்றோல் வரிசையில் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனதால் எனக்குத் தெரியாமல் போயிற்று.

கராச் அண்ணை பொனற்றைத் திறந்து காது கொடுத்தார்.

"தம்பி, உது ஐடில் வால்வு."

காலை எடுத்ததும் காற்றுப் போகும் வாசல் மூடிவிடும். ஆனால் நிற்கிற இஞ்சினுக்கும் மூச்சு வேண்டுமே. பக்கத்தில் ஒரு சின்னப் பாதை. அதற்குக் காவலாளி இந்த வால்வு. நிமிடத்துக்கு 700, 800 சுற்று நிற்கும்படி கொம்பியூட்டர் சொல்ல, அது திறந்து மூடும். கரி பிடித்தால் காவலாளி நித்திரை.

"அந்த நாளையில் ஒரு ஸ்குரூ, அரைச் சுத்து. முடிஞ்சுது" என்றார் அண்ணை. தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக்குள், ஏ40 ஒஸ்ரினை மண்ணெண்ணெயில் ஓட வைத்த கை அது. காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு உசுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் சைக்கிளில் போனவர்கள் கண்ணீர் விட்டபடி போனார்கள், துக்கம் ஒன்றும் இல்லாமலே. கொம்பியூட்டரை அவர் மதிக்காததில் நியாயம் உண்டு.

வால்வைக் கழற்றினால் உள்ளே புட்டுப்பானையின் அடி. ஸ்பிறே அடித்துக் கழுவினோம். இரண்டு நாள் ஓடியது. பிறகு கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து ஒரு பழைய வால்வு, பிஸ்கற் பெட்டிக்குள், இரவு பஸ்ஸில் வந்து இறங்கியது. பூட்டினோம். விக்கல் போய்விட்டது; ஆனால் இஞ்சின் 2000 சுற்றில் நின்று சந்நிதிக் காவடி ஆடியது. பழைய பக்கிங்கையே திரும்பப் போட்டதில் ஓரத்தால் காற்று இழுக்கிறதாம். யார் போட்டது என்று நான் கேட்கவில்லை. பிடித்துக்கொடுத்தது நான்தான்.

அண்ணை பக்கிங் தாளில் புதிதாக ஒன்று வெட்டினார். பிறகு பற்றறி வயரைக் கழற்றி வைத்தார்.

"ஏன் அண்ணை?"

"பழைய குணத்தை மறக்கட்டும்."

மறந்தது. றேடியோவும் தனக்குத் தெரிந்த நிலையங்களை எல்லாம் சேர்த்து மறந்தது.

அடுத்த நாள் கொக்குவில் கடவை. எல்லாரும் இஞ்சினை நிறுத்திவிட்டு றெயிலைக் காத்து நின்றார்கள். என் வண்டி மட்டும், பூனை உறுமுவதுபோல், ஓடியபடி நின்றது.

சைக்கிளில் நின்ற பெடியன் எட்டிப் பார்த்தான். "அண்ணை, நிப்பாட்டுங்கோவன். பெற்றோல் விக்கிற விலைக்கு..."

"விடு தம்பி" என்றேன். "சும்மா நிக்கட்டும்."