குழாய் வைத்த ஐஸ்பெட்டி: மானாவாரிப் பகுதிக்கான ஓர் ஆய்வு

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் ஐஸ்பெட்டியின் பயன் குச்சி ஐஸ், மீன், கல்யாண வீட்டுக் குளிர்பானம் என்பதோடு முடிந்துவிடுகிறது. வீட்டிலேயே பீர் காய்ச்சும் வெளிநாட்டார் அதில் வெந்நீர் ஊற்றுகிறார்கள். கேட்டால் கிறுக்குத்தனமாகப் படும். ஆனால் பெட்டிக்குச் சூடென்றும் குளிரென்றும் பேதம் கிடையாது. இரண்டு சுவருக்கும் நடுவிலுள்ள நுரை, வெப்பத்தை எந்தத் திசையிலும் லேசில் விடாது. சித்திரை வெயிலை வெளியே நிறுத்தும் அதே நுரைதான் வெந்நீரை உள்ளே காக்கிறது.

செய்முறை வருமாறு. முளைவிட்டு உலர்ந்த பார்லியை உடைத்து, 65 முதல் 68 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் ஊறவிட வேண்டும். தானியத்திலுள்ள அமைலேஸ் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குவது அந்தச் சூட்டில். சூடு 80ஐ நெருங்கினால் நொதி செயலிழக்கும். அடுப்பிலேயே வைத்தால் ஏறிவிடும், இறக்கினால் ஆறிவிடும். நல்ல பெட்டியிலோ ஒரு மணி நேரத்தில் ஓரிரு டிகிரிதான் இறங்கும். தண்ணீர் வடியும் ஓட்டையின் அடைப்பைக் கழற்றி, வாஷர் போட்டு ஒரு பால் வால்வைப் பூட்டி, உள்வாயில் எவர்சில்வர் வலைக்குழாய் மாட்டினால் முடிந்தது. சக்கை உள்ளே நிற்கும், இனிப்புச் சாறு வெளியே வரும்.

இங்கேதான் ஆய்வு இடறுகிறது. நம் கரிசலில் விளைவது குதிரைவாலியும் கம்பும் சோளமும். சோளத்து மாவுச்சத்து இளகவே 70 டிகிரியைத் தாண்ட வேண்டும். அதற்குள் நொதிகளில் பாதி தளர்ந்துவிடும். ஆகவே முதலில் கூழாகக் காய்ச்சி, ஆற்றி, அப்புறம்தான் முளைமாவைக் கலக்க வேண்டும். வெறும் பெட்டியை நம்பிப் பயனில்லை.

இந்த வரிசை சங்கப் புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்குத் தெரிந்திருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் அவர் காட்டும் வீட்டுக் கள், அரிசிக் களியை அகன்ற வாயுள்ள தட்டில் ஆற்றி, முளையடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்துச் சாடியில் விளைவித்து, விரலால் அலைத்துப் பிழிவது. வால்வும் வலைக்குழாயும் செய்யும் வேலையை விரலே செய்திருக்கிறது. சூட்டைக் காக்க நாம் பெட்டி தேடுகிறோம். அவர்கள் சூட்டைத் தொலைக்கத் தட்டு தேடியிருக்கிறார்கள். நம் தானியத்துக்கு அவர்கள் வழிதான் சரி என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

இனி சட்டம். 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி மது தயாரிப்பது மட்டுமல்ல, தயாரிப்பதற்கான பாத்திரமோ கருவியோ வைத்திருப்பதும் குற்றம். (2003 முதல் சில்லறை மதுக்கடைகளை அரசே நடத்துவது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.) அப்படியானால் ஐஸ்பெட்டி எந்தக் கணத்தில் கருவியாகிறது? அடைப்பைக் கழற்றும்போதா, வால்வைப் பூட்டும்போதா, முளைகட்டிய கம்பை வெயிலில் காயப்போடும்போதா? அறிஞர்கள் இதில் மௌனம் சாதிக்கிறார்கள். ஈஸ்ட் சேராதவரை உள்ளிருப்பது இனிப்பான கஞ்சித் தண்ணீர், பிள்ளைக்கும் கொடுக்கலாம். இதே பெட்டி, இதே குழாயோடு நீர்மோர்ப் பந்தலில் நின்றால் புண்ணியக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பெட்டியில் குழாய் வைத்தவர்கள் கையோடு அதில் மோரை ஊற்றி வையுங்கள். விசாரிக்க வருபவர் முதலில் திறப்பது மூடியைத்தான்.