ஜெனரேட்டர் பட்டறைகளில் ரோட்டார் கழலாமை – ஓர் ஆய்வு

ஆய்வு நோக்கம்

2012ஆம் ஆண்டு தமிழகத்தின் பல மாவட்டங்களில் நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு நிலவியது. அக்காலத்தே ஜவுளிக்கடை, ஜெராக்ஸ் கடை, கிளினிக் என எல்லா வாசலிலும் ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர் குடியேறியது. கரண்ட் சீரானதும் அவை மாடிப்படிக்கு அடியில் துறவு பூண்டன. இன்று தூசு தட்டிப் பட்டறைக்குக் கொண்டுபோனால், "ஆயில் சீல் போச்சு" என்கிறார் மெக்கானிக். ரோட்டார் பக்கத்துச் சீலை மாற்ற அந்த ரோட்டாரைக் கழற்ற வேண்டும். ரோட்டாரோ கழல மறுக்கிறது. அம்மறுப்பின் காரணத்தையும், அதைக் கண்டு மாந்தர் கொள்ளும் ஆவேசத்தையும் ஆராய்வதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வு எல்லை

இரண்டு பேர் தூக்கி ஆட்டோவில் ஏற்றக்கூடிய ஜெனரேட்டர்கள் மட்டும். கல்யாண மண்டபத்து டீசல் செட்டுகள் மேலாய்வுக்கு உரியவை.

கோட்பாடு

கிராங்க் ஷாஃப்ட்டின் முனை டேப்பராகக் கடையப்பட்டிருக்கும். ரோட்டாரின் உள்துளைக்கும் அதே சரிவு. இரண்டையும் சேர்த்து இறுக்க நடுவே ஒரு நீளமான போல்ட். போல்ட்டை எடுத்தால் ரோட்டார் வந்துவிடும் என்பது பாமரர் நம்பிக்கை. சரிவு குறைவாக இருக்கும் டேப்பரை உராய்வே பிடித்துக்கொள்ளும். அதற்குப் போல்ட்டின் தயவு வேண்டியதில்லை. அமெரிக்கரான ஸ்டீபன் மோர்ஸ் 1860களில் துளையிடும் கருவிகளுக்கு வகுத்த டேப்பரும் இதே தத்துவத்தில்தான் நிற்கிறது. அதன் சாய்வு பக்கத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை டிகிரி. (தந்தி மோர்ஸ் வேறு ஆள்.) நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றியும் வழுக்காத ஒரு பிடி, நாம் கையால் இழுத்ததும் விட்டுவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

முன்னோர் கொள்கைகள்

இத்துறையில் நான்கு கட்சியினர் உளர்.

ஊறவைப்போர்: மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போவர். துருப்பிடித்த டேப்பருக்கு இது கொஞ்சம் உதவும். சுத்தமாக இறுகியதற்குள் எண்ணெய் புக இடமேது? மறுநாள் காலை ரோட்டார் மணக்கும், வராது.

நெம்புவோர்: ரோட்டாருக்கும் எஞ்சினுக்கும் நடுவே கடப்பாரையைச் செருகுவர். முதலில் விசிறி இறக்கை உடையும், அடுத்து அலுமினிய உறை விரியும். ரோட்டாருக்கு ஒன்றும் ஆகாது.

நெருப்பு வைப்போர்: ரோட்டார் வந்துவிடும். கூடவே செப்புக் கம்பியின் எனாமலும் கருகி வந்துவிடும். பிறகு காயில் கட்டுபவரைத் தேட வேண்டும்.

அடிப்போர்: அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது இவர்களின் மூலமந்திரம். அம்மிக்குக் காயில் கிடையாது என்பதை இவர்கள் கருதுவதில்லை.

களக் காட்சி

"அண்ணே, ஒரு போடு போடட்டுமா?"

"போல்ட்ட முழுசா எடுத்துட்டியாடா?"

"எடுத்துட்டேண்ணே."

"திருப்பி மாட்டு. நல்லா மரை ஏத்தி, தலைக்கும் ரோட்டாருக்கும் நடுவுல ஒரு விரல் கனம் இடம் விடு. இல்லன்னா உன் கால்லதான் விழும்."

பிரஷ்ஷும் ஸ்டேட்டரும் முன்பே கழற்றியாயிற்று. ரோட்டாரின் தகடு அடுக்கிய இரும்புப் பகுதியில் ஒரு மரக்கட்டையை வைத்து, காயிலில் படாமல், பக்கவாட்டில் ஓங்கி ஒரு தட்டு. ஷாஃப்ட்டை அரைச் சுற்றுத் திருப்பி, எதிர்ப்புறத்தில் இன்னொன்று. இப்படி மாறி மாறித் தட்டியதில் திடீரென்று "டொக்". ரோட்டார் போல்ட்டின் தலையில் வந்து உட்கார்ந்தது. டேப்பர் மெல்ல மெல்ல நெகிழ்வதில்லை. பிடித்தால் பிடி, விட்டால் ஒரே விடு.

இதற்கும் மசியாதவற்றுக்குப் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டிலேயே வழி சொல்லிவிட்டார். ரோட்டாரின் வெளிமுனையில் மரை இருந்தால், துளை நிறையக் கிரீஸை அடைத்து, அந்த மரைக்குப் பொருந்தும் போல்ட்டில் வெள்ளை டேப் சுற்றி ஸ்பேனரால் முறுக்க வேண்டும். அடைபட்ட கிரீஸ் எல்லாப் பக்கமும் சம அழுத்தத்தில் தள்ளும். ஷாஃப்ட் அசையாது, அசையக்கூடியது ரோட்டார் ஒன்றே.

முடிபுகள்

1. ரோட்டார் பலத்துக்கு அஞ்சாது, திசைக்கு இணங்கும்.

2. சுற்றி நின்று யோசனை சொல்வோர் கூடக் கூட, சுத்தியலின் எடையும் கூடுகிறது.

3. இத்துறையில் பெரும்பாலான சேதம் பழுதால் நேர்வதன்று, பழுதுபார்ப்பால் நேர்வது.

பரிந்துரை

திரும்ப மாட்டும்போது, அடுத்த தடவை சுலபமாக வரட்டும் என்று டேப்பரில் கிரீஸ் தடவ ஆசை வரும். தடவாதீர்கள். இரு பக்கமும் எண்ணெய்ப் பசையில்லாமல் துடைத்துவிட்டு, அப்படியே மாட்டி இறுக்குங்கள். டேப்பரின் வேலை பிடித்துக்கொள்வது. அதைச் செய்ததற்காக அதன்மேல் கோபப்படக் கூடாது.