2.17க்கு 2.28 சேராது

ஹெல்சிங்கி,
டிசம்பர்.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

"அங்க போயி அப்படி என்னதான்டா வேலை பாக்குற?" என்று போனில் கேட்டீர்கள். சொல்ல ஆரம்பித்ததும் சித்தி போனைப் பிடுங்கி, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டார். அதனால்தான் கடிதம்.

இங்கே சூரியன் காலை ஒன்பதரை வாக்கில் தலைகாட்டி, மதியம் மூன்று மணி தாண்டியதும் நடையைக் கட்டிவிடுகிறது. அந்த நேரம் பூராவும் நான் சர்வர் அறையில். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை எழுதத் தொடங்கியது இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதுதான். பிறந்த ஊராயிற்றே, வேலை சுலபமாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

எங்கள் சர்வரில் ஓடுவது லினக்ஸில் ஒரு வகையான சென்ட்ஓஎஸ் 7. 2014இல் வந்தது, 2024 ஜூன் 30உடன் அதற்கான ஆதரவு முடிந்தது. ஆனாலும் ஓடுகிறது. ஓடுவதால் யாரும் அதைத் தொடுவதில்லை. இப்போது மேனேஜருக்குப் புது பில் சாஃப்ட்வேர் வேண்டுமாம். அது தன்னை ஓட்ட நோட் 18 என்ற மென்பொருளைக் கேட்கிறது. நோட் 18, ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகத்தில் 2.28 கேட்கிறது (சித்தி ஜிலேபி என்று படிக்க வேண்டாம்). எங்களிடம் இருப்பது 2.17.

உங்கள் பட்டறைப் பாஷையில் சொன்னால், பழைய லேலண்டுக்குப் புது மாடல் போல்ட். அளவு ஒன்றுபோலத் தெரியும், மரை ஏறாது.

கூட வேலை செய்யும் பையன் ஒருவன், ஜிலிப்சியையே மாற்றிவிடலாமே என்றான். மெஷினில் இருக்கும் புரோகிராம்களில் பெரும்பாலானவை அதன் வழியாகத்தான் லினக்ஸின் கருவான கெர்னலோடு பேசுகின்றன. அது கெட்டால் கோப்புப் பட்டியல் காட்டும் சின்னக் கட்டளைகூட எழுந்திருக்காது. பையனுக்கு காபி வாங்கிக்கொடுத்து அனுப்பிவைத்தேன். 2.17க்கென்றே கட்டிய நோட் 18உம் கிடைக்கிறது. ஆனால் 'அன்அஃபீஷியல்' என்று அதன் நெற்றியிலேயே எழுதியிருக்கிறது. கம்பெனி முத்திரை இல்லாத பிரேக் ஷூவை நீங்கள் மாட்டுவீர்களா?

முன்பெல்லாம் 'யம்' என்று தட்டிப் பேரைச் சொன்னால் போதும். கேட்ட பேக்கேஜும் அதற்கு வேண்டியவையும் தானாக வந்து இறங்கும். இப்போது தட்டினால், அப்படி ஒரு முகவரியே இல்லை என்கிறது. பழைய பேக்கேஜ்களையெல்லாம் 'வால்ட்' என்ற கிடங்கில் அடுக்கிவிட்டார்கள். முகவரியைக் கையால் திருத்தி உள்ளே போனால், அங்கே இருப்பதெல்லாம் எங்கள் சர்வரின் வயசுதான்.

சென்ட்ஓஎஸ் 8க்கு மாறியிருக்கலாமே என்பீர்கள். 2029 வரை வரும் என்றிருந்த அதை, 2021 டிசம்பரோடு நிறுத்திவிட்டார்கள். 7 அதற்கப்புறமும் இரண்டரை வருஷம் இருந்தது! அந்த இடத்துக்கு அல்மாலினக்ஸ், ராக்கி என்று இரண்டு பேர் வந்தார்கள். அல்மா 8இல் சரியாக 2.28. இருந்த இடத்திலேயே 7ஐ 8 ஆக்க 'எலிவேட்' என்ற கருவியும் உண்டு. மேனேஜர், "மாதக் கடைசியில் ரீபூட்டா?" என்றார். மாத நடுவில் கேட்டேன். அதற்கும் அதே முகம்.

கடைசியில் கன்டெய்னர்தான் கைகொடுத்தது. புது சாஃப்ட்வேர் தனக்கு வேண்டிய ஜிலிப்சியைத் தானே மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு வந்து, கெர்னலை மட்டும் கடன் வாங்கிக்கொள்கிறது. பழசை ஒரு விரல்கூடத் தொடவில்லை. பில் அடிக்கிறது.

இந்த ஊரில் சில டேட்டா சென்டர்களின் சூட்டைக் குழாய் வழியே அனுப்பி வீடுகளைக் கதகதப்பாக்குகிறார்கள். எங்கள் சர்வரின் சூட்டில் இதுவரை நான் ஒருவன்தான் குளிர்காய்கிறேன்.

வேலை முடிந்தது என்று மேனேஜரிடம் சொன்னேன். தலையை ஒருமுறை ஆட்டினார். கோட்டை மாட்டிக்கொண்டே, பக்கத்து அலமாரியில் இன்னொன்று ஓடுகிறது, அது சென்ட்ஓஎஸ் 6 என்றார்.

சித்தியிடம் சாப்பிட்டேன் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்