மயிலும் தார் ரோடும்

பழனிக்குப் பாதயாத்திரை போனால் முருகன் கூடவே வருவார் என்கிறார்களே, பிறகு ஏன் கால் வலிக்கிறது?

அவருக்கு மயில் இருக்கிறது; உங்களுக்குத் தார் ரோடுதானே!

தைப்பூசம் தை மாதத்தில் வந்தாலும் நடுப்பகல் தார் வெறுங்காலைச் சுட்டுவிடும். அதனால்தான் பழகியவர்கள் விடியுமுன்பும் இருட்டிய பிறகும் நடக்கிறார்கள், முதுகுப் பையில் ஒளிரும் ஸ்டிக்கரோடு. கொப்புளம் வந்தால் ஊசியால் குத்தாதீர்கள். அந்த மேல்தோலைவிட நல்ல கட்டு மருந்துக் கடையில் கிடையாது. எனக்குக் கவலையெல்லாம் சர்க்கரை உள்ளவர்களைப் பற்றித்தான். நரம்பு மரத்த பாதத்தில் கண்ணாடிச் சில்லு ஏறினாலும் தெரியாது. சின்னக் காயம் புண்ணாகி, விரலை எடுக்கும் அளவுக்குக்கூடப் போய்விடும். ராத்திரி தங்கும் இடத்தில் யாரையாவது டார்ச் அடித்து உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள். செருப்போடு வந்தால் கோபித்துக்கொள்கிறவரா முருகன்?